இரண்டாம் பக்கம் போட வேண்டாம்

ஆர்.கே.புரம், செக்டார் 4
புது தில்லி
14-9-1980

சிரஞ்சீவி ஜம்புவுக்கு ஆசீர்வாதம்.

நானும் விஜியும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பது வழக்கம். ஆரம்பித்துவிட்டேன். திருவானைக்காவலில் நீயும் இந்திராணியும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். சண்டையைத் தொடர்வதற்கு இல்லை, பயப்படாதே. ஒரு ஆம்ப்ளிஃபயர் விஷயம்.

1974-ல் உன் ரேடியோ கடையில் நீயே கட்டி, ரயிலில் திருச்சியிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்து உன் அக்காவுக்குக் கொடுத்தாயே, அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் போட்டதிலிருந்து அணைக்கிற வரைக்கும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். முன்பும் இருந்தது, ஜலஜா இருந்தவரை நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது அதுதான் பெரிதாகக் கேட்கிறது.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். 77 நவராத்திரிக்கு நீ வந்திருந்தபோது கொலுவுக்கு முன்னால் அவளைப் பாட வைத்துப் பதிவு செய்தாய் அல்லவா, அந்த ஸ்பூல் டேப் ஒன்றுதான் அவள் குரல் என்று மிச்சம் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் நானும் விஜியும் அதைப் போட்டுக் கேட்கிறோம். பிப்ரவரியிலிருந்து விஜி என்னோடு பேசுவது ஹிந்தியில். அதுவும் ஹாங், நஹீ, அச்சா. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று ஆபீஸில் எல்லோரும் சமாதானம் சொல்கிறார்கள். காரணம் வயது இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். போன வாரம் எழுந்து போய்விட்டாள். “அம்மாசே ஜ்யாதா வோ ம்ம்ம் ஹை” என்றாள், அம்மாவைவிட அந்த ம்ம்ம்தான் அதிகமாம்.

லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜி கடையில் இரண்டு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பத்து வாட்ஸ், சின்னது. மற்றது பக்கத்துக்கு முப்பது வாட்ஸ், முனகலே இல்லை, ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டை இருக்கிறது. எது நம் டேப்புக்குச் சரி? நீ கட்டினதை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பதை உன்னிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. கேட்க வேறு ஆளும் இல்லை.

இந்த வருஷம் கொலு கிடையாது. நவராத்திரிக்குள் ஜலஜா குரலாவது சரியாகக் கேட்டால் தேவலை.

அன்புள்ள
கல்யாணராமன்


திருவானைக்காவல்
22-9-1980

அத்திம்பேருக்கு அநேக நமஸ்காரம்.

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் விஜிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இந்திராணி அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். பிரித்துப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர். நீங்கள் மாறவே மாட்டீர்கள்.

அக்காவின் பதின்மூன்றாம் நாள் நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்று சத்தம் வந்தால் உங்களுக்குக் கேட்கிறது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு மார்பில் கட்டி வளர்ந்தது தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை ஆளாக்கினது அக்கா. நாற்பத்தொரு வயதில் அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வாட்ஸ் பற்றி எழுதுகிறீர்கள்.

இருக்கட்டும். தொழில் விஷயமாகக் கேட்டுவிட்டீர்கள், பதில் சொல்கிறேன்.

முப்பது வாட்ஸ் எதற்கு? சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஹாலில் என்ன ஊர்வலமா விடப் போகிறீர்கள்? பத்து வாட்ஸ் தாராளம். டிரெபிளை முக்கால்வாசி குறைத்து வையுங்கள். இரைச்சல் ஃபில்டர் இருந்தால் அதைப் போட்டே வையுங்கள், எடுக்காதீர்கள். ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். குழந்தை காது கெட்டுப் போகும்.

என்னைக் கேட்டால் ஒன்றுமே வாங்க வேண்டாம். ஸ்பூலை ரிஜிஸ்டர் பார்சலில் எனக்கு அனுப்பிவிடுங்கள். சுத்தம் செய்து, பாட்டுகளை மட்டும் வேறு டேப்பில் வரிசையாகப் பதிந்து அனுப்புகிறேன். நடுவில் இருக்கிற தட்டுமுட்டுச் சத்தமெல்லாம் யாருக்கு வேண்டும்? பதினைந்து நாளில் திரும்பி வந்துவிடும்.

விஜியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜம்புநாதன்


ஆர்.கே.புரம்
5-10-1980

ஜம்பு,

ஆசீர்வாதம் உண்டு. கோபமும் உண்டு. இரண்டையும் ஒரே கவரில் அனுப்புகிறேன்.

உன் யோசனையை அப்படியே சர்தார்ஜியிடம் சொன்னேன். டிரெபிளைக் குறை, ஃபில்டரைப் போடு, சின்னதையே வாங்கு. அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, “சாப், இதைச் சொன்னவர் மெக்கானிக்கா, இல்லை உங்களுக்கு வேண்டாதவரா?” என்றார். என் மச்சினர் என்றேன். “அப்போ ரெண்டும்தான்” என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வரவழைத்தார்.

ஸ்பூலை அனுப்ப மாட்டேன். அரசாங்கத்தில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டினவன், தபாலில் எது போகும், எது போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு காரணம், நீ எடுத்துவிடுகிறேன் என்கிற தட்டுமுட்டுச் சத்தம்தான் எனக்கு வேண்டும். பாட்டை அவள் எல்லோருக்கும் பாடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, “ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டது எனக்கு. அன்றைக்கு நீதானே பெருமையடித்துக்கொண்டாய்? டேப்பை நடுவில் நிறுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் விழும், அது சுத்தமான வேலை இல்லை, பாட்டு முடிந்தாலும் ஓட விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று? உன் சுத்தமான வேலையை நீயே ஏன் கத்தரிக்கப் பார்க்கிறாய்?

இப்போது மற்ற விஷயம். இதுவரை நான் பதில் சொன்னதில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஜூலையில்தான் அவள் என்னிடம் சொன்னாள். “ஏன்னா, ரெண்டு மாசமா மார்ல ஒரு கட்டி இருக்கு, வலியெல்லாம் இல்லை” என்றாள். மறுநாளே அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மாள் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “ரெண்டு மாசமா? ரெண்டு வருஷமாவது இருக்கும்” என்றாள். அந்த இரண்டு வருஷத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போதும் தேடிப் பார்க்கிறேன். பட்ஜெட் வேலை, ஆடிட் வேலை, இரண்டு தடவை பம்பாய் டூர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீ சொன்னது சரிதான்.

ஆனால் ஜம்பு, நீ சொன்ன இடம் எது? பிராமணர்கள் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வேதாந்தம் குடும்பத்தோடு நிற்கிறார். “பெட்டியைத் திருகத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பெண்டாட்டியைப் பாக்கத் தெரியலை, இவர்தான் என் அக்காவைக் கொன்னார்” என்று கத்தினாய். உனக்குப் பின்னால் நெய்க்கிண்ணத்தோடு விஜி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் தமிழை நிறுத்தினாள்.

உன் கடிதம் நாலு நாள் மேஜைமேலேயே கிடந்தது. தில்லியில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது.

பெரியதைத்தான் வாங்கப் போகிறேன்.

கல்யாணராமன்


திருவானைக்காவல்
14-10-1980

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

விஜி பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அவள் காது படச் சொன்னது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அவசரப்பட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கர்கள் சின்னவை, முப்பது வாட்ஸ் தாங்காது, கோன் கிழிந்துவிடும். பிறகு டேப் பழசாகிவிட்டது. மேல்பூச்சு உதிர ஆரம்பித்திருக்கும். ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் போகும். முக்கியமாக இரண்டாம் பக்கம் ரொம்ப வீக். அதைப் போடாமலே இருப்பது நல்லது. முதல் பக்கத்தை மட்டும், எப்போதாவது கேளுங்கள்.

தை மாசம் நானே வருகிறேன். பழைய ஆம்ப்ளிஃபயரில் அந்த முனகலை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். நானே உட்கார்ந்து பழுது பார்த்து, டேப்பையும் சரி செய்து தருகிறேன். அதுவரை பொறுங்கள். எட்டு மாதம் பொறுத்தவர்களுக்கு இன்னும் மூன்று மாதம் பெரிதா?

இந்திராணி பக்கத்தில் நின்றுகொண்டு, “அவருக்கு வேணுங்கறதை அவர் வாங்கிக்கட்டுமே, நீங்க ஏன் இப்படிக் கிழிச்சுக் கிழிச்சு எழுதறேள்?” என்று கேட்கிறாள். அவளுக்கு ரேடியோ வேலை என்ன தெரியும்.

தயவு செய்து பொறுங்கள்.

ஜம்பு


ஆர்.கே.புரம்
2-11-1980, ஞாயிறு

அன்புள்ள ஜம்புவுக்கு ஆசீர்வாதம்.

வாங்கிவிட்டேன். பெரியது. ஹெட்ஃபோனும் சேர்த்து. ஸ்பீக்கர் கோன் கிழியவில்லை. உன் ஆம்ப்ளிஃபயரைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை.

ஜம்பு, எப்படிச் சொல்வேன். இன்று மத்தியானம் முதல் பக்கம் போட்டோம். ஸ்விட்சைப் போட்டேன், ஒரு சத்தமும் இல்லை. கெட்டுப் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அதுதான் முனகல் இல்லாத ஆம்ப்ளிஃபயர். அந்த நிசப்தத்திலிருந்து ஜலஜா மூச்சு இழுப்பது கேட்டது. பாட்டு இல்லை, வெறும் மூச்சு. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணி ராகப் பாட்டுக்கு அப்புறம் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. வேதாந்தம் மனைவி “சுண்டல்ல உப்பு இல்லையே” என்கிறாள். ஜலஜா சிரிக்கிறாள். உன்னைப் பார்த்து, “மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைடா, மூஞ்சில இடிக்கறது” என்கிறாள். இதெல்லாம் மூன்று வருஷமாக அந்த டேப்பில் இருந்திருக்கிறது, நாங்கள் ‘ம்ம்ம்’ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். உன்னைத் திட்ட வேண்டும். ஆனால் ஓட விட்டாயே, அதற்கு உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

விஜி பாதியில் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். அதைக் கழற்றினதும், பத்து வயதில் நீ பேசினதுகூட இதில் கேட்கிறது என்றேன், திரும்பி என்னைப் பார்த்தாள்.

இரண்டாம் பக்கம் வீக் என்று எழுதியிருக்கிறாய். ஏனப்பா, இரண்டு பக்கமும் ஒரே நாடாதானே? ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்? ஆபீஸில் எனக்குக் கீழே ஒருவன் இப்படி நோட் எழுதினால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் இன்று அதைப் போடவில்லை. விஜிக்கு நாளை கணக்குப் பரீட்சை. அத்துடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்று தீர்க்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. அடுத்த ஞாயிறு இரண்டாம் பக்கம். கடைசியில் மங்களம் பாடுவாளே, அதற்காகக் காத்திருக்கிறேன்.

தீபாவளி நமக்கு இல்லை. ஆனாலும் இந்த வாரம் எனக்கு ஒரு மாதிரி பண்டிகைதான்.

அன்புள்ள
அத்திம்பேர்


திருவானைக்காவல்
8-11-1980

அத்திம்பேருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தந்தி நாளை மத்தியானத்துக்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஜம்புகேஸ்வரரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு நாலைந்து நாள் ஆகும். அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்களானால் இதைக் கிழித்துப் போடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டுக்கும் மங்களத்துக்கும் நடுவில், நீங்கள் வேதாந்தம் குடும்பத்தைக் கீழே வாசல்வரை கொண்டுவிடப் போயிருந்தீர்கள். விஜி உள்ளே தூங்கிவிட்டாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னாள். அவள் வார்த்தை அப்படியே எனக்குப் பாடம்:

“ஜம்பு, மார்ல ஒரு கட்டி இருக்குடா. எலுமிச்சங்கொட்டை மாதிரி இருந்தது, இப்போ பெரிசாயிடுத்து.”

“அத்திம்பேர்கிட்ட சொன்னியா?”

“சொல்லலை. நீயும் சொல்லாதே. தையில உன் கல்யாணம். நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துண்டா யார்டா உன்னை மணையில உக்கார வைப்பா? பொண்ணாத்துக்காரா வேற சகுனம் பாக்கறவா. கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கறேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிக்கா” என்றேன். அவ்வளவுதான். அது அதில் இருக்கிறது.

தையில் கல்யாணம் நடந்தது. தாய் ஸ்தானத்தில் அவள்தான் நின்றாள். பந்தலில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “கரைஞ்சுடுத்துடா” என்றாள். அந்த மாதிரிக் கட்டி கரையாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புதுப் பெண்டாட்டி, கடை வேலை. கரைந்துவிட்டது என்று நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது, நம்பினேன்.

பதிவு செய்த மறுநாள் காலையில் சரியாக விழுந்திருக்கிறதா என்று என் ஹெட்ஃபோனில் கேட்டேன். அப்போதே தெரியும், இது பதிந்திருக்கிறது என்று. அழித்திருக்கலாம். அழித்தால் மங்களத்தின் எடுப்பும் சேர்ந்து போய்விடும், அது அக்கா ரொம்ப நன்றாக எடுத்த இடம். தொழில் புத்தி, விட்டுவிட்டேன். என் ஆம்ப்ளிஃபயரின் முனகலில் அது உங்களுக்குக் கேட்காது என்று தெரியும். அதனால்தான் அந்த முனகலை நான் சரி செய்யவே இல்லை. 78-ல் வந்தேன், 79-ல் வந்தேன். ஒரு மணி நேர வேலை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் உங்களை ஏன் அப்படிச் சொன்னேன்? நான் வாயைத் திறக்காமல் நின்றால் யாராவது என் முகத்தைப் பார்த்து, உனக்குத் தெரியுமாடா என்று கேட்டுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. அதற்காக ஒரு மனுஷனைக் கொலைகாரன் என்றேன். அவர் பெண் முன்னாலேயே.

அத்திம்பேர், இதோடு முடியவில்லை. அதற்கு அப்புறம் டேப்பில் இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன். நான் செய்ததுகூட உங்களுக்குத் தெரிந்துவிட்டுப் போகட்டும், என்னைச் செருப்பால் அடியுங்கள். அது வேண்டாம். அதற்காகத்தான் தந்தி.

ஜம்பு


ஆர்.கே.புரம்
16-11-1980

ஜம்பு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உன் தந்தி சனிக்கிழமையே வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக வரும் என்று நீயே நினைத்திருக்க மாட்டாய். இரண்டாவது சனி, ஆபீஸ் இல்லை, நான் ரேஷன் கடையில் சர்க்கரைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தந்திக்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினது விஜி. ஜம்பு, நீயும் நானும் இரண்டு மாதமாக ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டோம், அத்தனையும் மேஜைமேல்தான் கிடந்தது. ஒரு எழுத்து அவளுக்குப் புரியாது. ஆனால் தந்தி இங்கிலீஷில்தானே வரும்? ‘இரண்டாம் பக்கம் போட வேண்டாம். கடிதம் வருகிறது.’ கான்வென்டில் எட்டாவது படிக்கிற பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்வாள்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் பையோடு மாடி ஏறும்போது வேதாந்தம் மனைவி படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். தந்தி வந்த வீடு, யார் செத்தார்கள் என்று கேட்கத் தயங்கி நின்றாள். உள்ளே போனேன். வெளியே பையன்கள் மிச்சப் பட்டாசை வெடித்துக்கொண்டிருந்தார்கள். விஜி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். டேப் தீர்ந்து ஸ்பூல் சும்மா சுற்றிக்கொண்டு, வால் நுனி படக் படக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். டேப்பை மறுபடி கோத்து, சரியாக அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே என் தலையில் மாட்டினாள்.

நீ எழுதினதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். இரண்டு பேரும் தெரிந்துகொண்டே எழுதாமல் இருந்தது போதும்.

கதவு திறக்கிற சத்தம். என் செருப்புச் சத்தம். நீ அடிக்குரலில், “அக்கா, வேண்டாங்க்கா, இப்பவே சொல்லிடு” என்கிறாய். அதை உன் கடிதத்தில் நீ எழுதவில்லை. உனக்குச் சாதகமானதை ஏன் விட்டாய் என்று யோசித்தேன். அடுத்தது என்ன என்று தெரிந்ததால் விட்டிருக்கிறாய். பிறகு அவள், “ஏன்னா, இங்க ஒரு நிமிஷம் வரேளா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்கிறாள்.

ஒரு ஆண் குரல், “ஷ்... டேப் ஓடிண்டிருக்கு, பேசாதே. மங்களத்தைப் பாடி முடி. பேச்செல்லாம் அப்புறம்” என்கிறது.

யார் இந்த மனுஷன், இப்படி எரிந்து விழுகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன், இது மட்டும் தனியாக எப்படி ஞாபகம் இருக்கும்?

அவள், “ஒண்ணுமில்லே, அப்புறம் சொல்றேன்” என்கிறாள். வளையலை மேலே தள்ளிக்கொள்கிறாள். மூச்சு இழுக்கிறாள். மங்களம் பாடுகிறாள். நீ சொன்னாயே, ரொம்ப நன்றாக எடுத்த இடம் என்று. ஆமாம், ரொம்ப நன்றாக எடுத்திருக்கிறாள். அப்புறம் என்று அவள் சொன்ன நாள் வர இருபத்தொரு மாதம் ஆயிற்று.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். விஜி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். “மாமா கோ பதா தா?” என்றாள். மாமாவுக்குத் தெரியும் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு, “நீங்க ஏம்ப்பா அம்மாவைப் பேச விடலை?” என்று கேட்டாள். பிப்ரவரிக்கு அப்புறம் என்னிடம் அவள் பேசின முதல் தமிழ் இதுதான். எனக்குத் தெரியாதும்மா என்றேன். அதுதான் உண்மை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பெரிய மனுஷன் மாதிரி எழுத மாட்டேன். உன் மணையில் நீ உட்கார வேண்டும் என்பதற்காக நான் தாலி கட்டினவளை இழந்தேன் என்று நினைக்கும்போது உன் கடிதத்தைக் கசக்குகிறேன். அடுத்த நிமிஷமே என் குரல் கேட்கிறது, ஷ் என்று. அதோடு கோபம் நின்றுவிடுகிறது, போக இடம் தெரியாமல். நீ தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கிடைக்கிற ரயிலில் புறப்பட்டு வா. எந்தப் பெண் முன்னால் என்னைச் சொன்னாயோ, அந்தப் பெண் முன்னாலேயே நீ செய்ததைச் சொல். என் பங்கை நான் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“மாமாவோட பழைய பெட்டியையே போடுங்கோப்பா” என்றாள் விஜி. அதில் பாட்டு மட்டும்தானே வரும் என்று அர்த்தம். பரணிலிருந்து இறக்கி வைத்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இன்று ஞாயிறு, எதையும் போடவில்லை.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ சீக்கிரம் வர வேண்டியது அதற்காகத்தான். புதன்கிழமையிலிருந்து விஜி சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் டப்பா அப்படியே திரும்பி வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நேற்று நான் பார்த்தேன். பார்த்தேன், ஜம்பு. “என்னம்மா பண்றது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லேப்பா, அப்புறம் சொல்றேன்” என்றாள்.

அதே குரல். ‘ஒண்ணுமில்லே’யில் கொஞ்சம் இறங்கி, ‘அப்புறம்’ என்கிறபோது ஏறுகிற அதே இழுப்பு. பதின்மூன்று வருஷமாக இந்தக் குழந்தை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

நாளைக் காலை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். ஒரு வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவளுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்புறம் என்றால் எப்போது என்று அவளைக் கேட்டேன், போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை.

கல்யாணராமன்